காமன் கூத்துப் பாட்டு சீடியில வரிசை குழம்புது, உதவுங்க

வணக்கம் உறவுகளே. இலங்கை மலையகத்தில ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுறேன். அப்பா கெசட்டில பதிஞ்சு வச்சிருந்த காமன் கூத்து (மாசியில ஆடுற ரதி மன்மதன் கதைக் கூத்து) பாட்டுகளை எல்லாம் எம்பி3 ஆக்கிட்டேன், மொத்தம் 64 ஃபைல். அப்பாவுக்கும் அத்தைக்கும் டிவிடி பிளேயர்தான் பழக்கம், அதனால சீடியில எழுதிக் குடுக்கணும். 128 கேபிபிஎஸ் தரத்தில 700 எம்பி சீடியில 12 மணித்தியாலப் பாட்டு பிடிக்கும், இடம் பிரச்சினையில்ல.

வரிசைதான் பிரச்சினை. ரதி மன்மதன் கல்யாணம், சிவன் காமனை எரிக்கிறது, ரதி ஒப்பாரி, கடைசியில காமன் எழும்புறது. இந்த ஒழுங்கு மாறினா கதையே இல்ல. 1, 2ன்னு பேர் வச்சப்போ 1க்கு அடுத்து 10 வந்துச்சு. 001, 002ன்னு மாத்தினதும் எங்க பிளேயர்ல சரி. அத்தை வீட்டுப் பிளேயர் பேரைப் பார்க்காம வேற ஒழுங்கில பாடுது. ரதி அழுது முடிச்ச பிறகு கல்யாணப் பாட்டு வருது. அத்தை பாதியிலயே நிறுத்திட்டாங்க, எனக்கு மனசே சரியில்ல.

ஃபோல்டர் இல்லாம எல்லாத்தையும் ஒரே இடத்தில போட்டா சரியாகுமா? சீடியில எழுதுற ஒழுங்கையே நிலையா வைக்கிற மென்பொருள் எது?

இன்னொன்னு, ஒரு ஃபைல் முடிஞ்சு அடுத்தது தொடங்கும்போது தப்பு மேளச் சத்தம் அறுந்து போகுது. ஆடியோ சீடியா இடைவெளி இல்லாம எழுதலாம், ஆனா 80 நிமிஷம்தான் பிடிக்கும். ஒப்பாரிப் பகுதியை மட்டும் ஒரே நீள ஃபைலா சேர்க்கலாமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. மாசி மாசத்துக்கு முன்னாடி அத்தை கையில குடுக்கணும்.