அப்பாசிய காலத்து அடிமைப் பெண்கள் முக்காடு போட்டாங்களா? படிக்க எதாவது சொல்லுங்க

ஃப்ரெண்ட்ஸ், எம்.ஏ. ஹிஸ்டரி செமினாருக்கு அப்பாசிய காலம் (பாக்தாத்ல இருந்து கலீஃபாக்கள் ஆண்ட காலம்) பத்தி ஒரு பேப்பர் ரெடி பண்றேன், கொஞ்சம் ஹெல்ப் வேணும்.

பழைய ஃபிக்ஹ்ல, அதாவது இஸ்லாமிய சட்டத்துல, சுதந்திரப் பெண்ணுக்கு ஒரு சட்டம், அடிமைப் பெண்ணுக்கு வேற சட்டம், தொழுகையில கூட அடிமைப் பெண் தலையை மூடணும்னு கட்டாயம் இல்ல, ஷாஃபி மத்ஹபுல (சட்டப் பிரிவுல) பெரும்பாலானவங்க அவளோட அவ்ரத்தே, அதாவது கட்டாயம் மூட வேண்டிய உடல் பகுதியே, தொப்புள்ல இருந்து முழங்கால் வரைதான்னு சொல்லியிருக்காங்க. கலீஃபா உமர், முக்காடு போட்ட அடிமைப் பெண்ணைக் கண்டிச்சதா அறிவிப்பெல்லாம் இருக்கு, சுதந்திரப் பெண் மாதிரி தெரியக்கூடாதாம். பெண்கள் மேலாடையைப் போத்திக்கணும்னு சொல்ற குர்ஆன் 33:59 வசனத்துக்கு தஃப்ஸீர் (விளக்கவுரை) எழுதின பலரும் இந்தப் பிரிவினையை வெச்சுதான் விளக்குறாங்க. எனக்கென்னவோ இது வெட்கத்தை விட அந்தஸ்து விஷயமாத்தான் படுது. ஆனா 11ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின்ல இருந்த இப்னு ஹஸ்ம்ங்கிற அறிஞர், ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான்னு பெரும்பாலானவங்களுக்கு எதிரா நின்னு வாதாடுறார், செம மனுஷன்!

எனக்கு மாட்டிக்கிட்டது நடைமுறை பக்கம். பாக்தாத் அரண்மனைல அரீப் மாதிரி பாடகி அடிமைகள் பட்டும் நகையுமா சபைல உக்காந்தப்போ தலையில என்ன இருந்துச்சு? அப்புறம் உம்மு வலத், அதாவது எஜமானுக்குப் பிள்ளை பெத்தவங்க, அவங்களை விக்கக்கூடாது, அவர் செத்ததும் விடுதலை, இப்படி ரெண்டுங்கெட்டான் நிலையில இருந்தவங்க மூடினாங்களா இல்லையா? அப்பாசிய கலீஃபா ஹாரூன் ரஷீதோட அம்மா கைஸுரானே அடிமையா வந்தவங்கதானே.

அரபி தெரிஞ்சவங்க, மதரஸால ஓதினவங்க யாராவது இருந்தா ப்ளீஸ் சொல்லுங்க, இங்கிலீஷ் கட்டுரைன்னாலும் ஓகே. சண்டை போட வர்றவங்க மட்டும் தயவுசெஞ்சு வேற போஸ்ட் பாத்துக்கோங்க.