குரோஷேல (கொக்கி ஊசியால நூல் பின்றது) குதிரைக்குட்டி பொம்ம போட்டவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

நூல்கண்டு:
கழுத்துல மாட்டிக்கிட்டது நான் மட்டும்தானா? மூணு வாரம் ராத்திரி ராத்திரியா உக்காந்து போட்டேன், 2.5 மி.மீ. ஹூக், காட்டன் நூல், உடம்பு காலு எல்லாம் டைட்டா வந்துச்சு, சேணம் தனியா, கடிவாளம் தனியா, சேணத்துக்கு வயித்துக்கு அடியில பட்டன் வெச்சு கழட்டி மாட்டுற மாதிரி வேற பண்ணிருந்தேன் (அதுல கொஞ்சம் பெருமைதான்). அக்கா பொண்ணு கையில குடுத்தேன். மேசை மேல நிக்க வெச்சா. ரெண்டு செகண்ட் நின்னுச்சு. அப்புறம் தல மெதுவா, ரொம்ப மெதுவா எறங்கி மூக்கு மேசையில முட்டிருச்சு. "சித்தி, அது அழுவுதா?"ன்னு கேக்குறா. என்னத்த சொல்ல.

பொறுமைசாலி:
எனக்கு ஒட்டகச்சிவிங்கியில இதே கததான், அத விடுங்க. உங்களுக்கு கழுத்துல பஞ்சு பத்தல. பஞ்ச உருண்டையா திணிக்காதீங்க, சின்னச் சின்னதா பிச்சு குச்சியோட மொட்ட முனையால தள்ளணும், தைக்கிறப்ப கடைசி நாலஞ்சு தையல் பாக்கி இருக்கறப்போ இன்னும் கொஞ்சம் அடைக்கணும், போதும்னு தோணுனதுக்கு அப்புறமும் அடைக்கணும். கழுத்து உடம்புல சேர்ற வாய் அகலமா இருக்கணும். மொதல்ல குண்டூசி குத்தி நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் தைங்க. பிடரியும் காட்டன்லயா? அது வெயிட்டுங்க, அடர்த்தியா முடிச்சுப் போட்டா இழுக்கும். பிடரிக்கு மட்டும் அக்ரிலிக் நூல் வெச்சு பிரஷ்ஷால சீவுங்க, புசுபுசுன்னு வரும். எதுவும் சரிவரலன்னா உள்ள கம்பி வெச்சிருங்க.

ஒத்தக்கண்ணு:
கம்பியா?? குழந்த விளையாடுற பொம்மைங்க அது. வளைச்சு வளைச்சு ஒடைஞ்சு நூலக் குத்திக்கிட்டு வெளிய வரும். பட்டனையும் யோசிங்க, 3 வயசுக்குக் கீழன்னா கண்ணயே நூல்ல தைக்கிறதுதான் சரி. எனக்கு கண்ணுலதான் கண்டம். சேஃப்டி கண்ணு (உள்பக்கம் வாஷர் போட்டுப் பூட்டுற பிளாஸ்டிக் கண்ணு), வாஷர அமுக்கி டக்குன்னு சத்தம் கேட்டதுக்கு அப்புறம் பாக்குறேன், ஒண்ணு ஒரு ரவுண்டு, அதாவது ஒரு பின்னல் வரிசை, மேல ஏறி இருக்கு. கழட்ட வரல. அப்படியே மூடிட்டேன். இப்பவும் அலமாரியிலேர்ந்து என்ன சந்தேகமா பாக்குது.

பொறுமைசாலி:
கம்பி முனைய வளைச்சு டேப் சுத்தத் தெரியாதவங்களுக்கு நான் சொல்லல.

சிக்குநூல்:
சண்ட போடாதீங்கப்பா. பிரிட்டிஷ் பேட்டர்ன்ல டபுள் குரோஷேங்குற தையலுக்கு அமெரிக்கா பேட்டர்ன்ல சிங்கிள்னு பேருன்னு யாராச்சும் எனக்கு முன்னாடியே சொல்லிருக்கலாம்ல? நான் அமெரிக்கா டபுளப் போட்டுட்டேன், அது உயரமான தையல். நாலு காலும் நெட்டையா வந்துச்சு, சந்துல எல்லாம் பஞ்சு எட்டிப்பாக்குது. நாலாவது காலு முடிச்சப்பதான் உறைச்சுது. பிரிச்ச நூல் நெளிநெளியா சுருண்டு கெடந்துச்சு, வேற வழியில்லாம அதையே பிடரிக்கு வெச்சேன். சுருட்டமுடி குதிர. பாக்குறவங்க எல்லாம் அந்த முடி எப்படிப் போட்டீங்கன்னுதான் கேக்குறாங்க, நான் சொல்றதில்ல.

நூல்கண்டு:
அவளுக்கு 6 வயசுங்க, பட்டனால ஒண்ணும் இல்ல. கழுத்த சரி பண்ணித் தரேன்னு கேட்டேன், தரமாட்டேங்குறா. கடிவாளத்த மட்டும் கழட்டி என் கையில குடுத்துட்டா, அது இறுக்குறதாலதான் அழுவுதாம். அந்தக் கடிவாளத்தப் போடவே நாலு நாள் ஆச்சு எனக்கு.