மறுமொழி: சைலான்களுக்கு ‘மனிதப்போலி’யா, ‘பொறிமக்க’ளா?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடருக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொல்லடைவுப் பட்டியலில், சைலான்களை (மனிதர் படைத்து, மனிதருக்கே எதிராகத் திரும்பிய இயந்திர இனம்; சிலர் மனித உருவிலும் வருவார்கள்) எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு என் மறுமொழி இது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> மனித உருவில் வரும் சைலானுக்கு ‘மனிதப்போலி’ என்றே வைத்துவிடலாம். இலக்கணத்தில் போலி என்றால் ஏமாற்று அல்ல. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னொன்று வந்தும் பொருள் மாறாமல் நிற்பது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா சொல்லும் இலக்கணம் சரிதான். ‘அறம்’ ‘அறன்’ என்று வந்தாலும் பொருள் கெடுவதில்லை. ஆனால் இலக்கண வகுப்பை விட்டு வெளியே வந்தால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்றுதான் காதில் விழுகிறது. ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ 2003இல் குறுந்தொடராக வந்தது முதல் 2009இல் முடியும்வரை விடாமல் கேட்டதே இவர்கள் போலியா இல்லையா என்பதைத்தான். பெயரிலேயே நாம் தீர்ப்பு எழுதிவிட்டால் பார்ப்பவருக்கு என்ன மிச்சம்?

பூமரை எடுத்துக்கொள்ளுங்கள். விண்வெளிப் போர்க்கப்பலில் விமானி, உண்மையில் சைலான். தன்னை மனுஷி என்றே நம்புகிறாள். முதல் பருவத்தில் ஒருநாள் சொட்டச் சொட்ட நனைந்தபடி சுயநினைவுக்கு வருகிறாள். எப்படி நனைந்தோம் என்று தெரியவில்லை. பையைத் திறந்தால் உள்ளே வெடிபொருள். அவள் முகத்தில் தெரிகிற பயம் நடிப்பு இல்லை. அந்த இடத்தில் அவளைப் ‘போலி’ என்று எழுத எனக்குக் கை வராது.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிப்பாய்கள் சைலானை ‘அது’ என்று இழித்துப் பேசுவார்கள், காதலிப்பவன் ‘அவள்’ என்பான். நமக்கு இது வினைமுற்று வரை இறங்குகிறது: ‘பொய் சொல்கிறது’ என்பதா, ‘சொல்கிறாள்’ என்பதா? அஃறிணையா உயர்திணையா என்று முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. அதனால் நம் சொல் இரண்டு பக்கமும் வளைய வேண்டும்.

‘ரோபோ’வையே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் எடுபடாது. இங்கே ரோபோ என்றால் போக்குவரத்து சிக்னல். ‘அடுத்த ரோபோவில் இடப்பக்கம் திரும்பு’ என்று தினமும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் எந்தத் திகிலையும் தராது.

மொரீஷியஸ் அக்கா தந்த ‘பொறியர்’ எனக்கு மிகவும் பிடித்தது. பொறி என்றால் இயந்திரம். கண், காது, மூக்கு எல்லாம் சேர்ந்த ஐம்பொறியும் அதே பொறிதான். சைலானுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? எலிப்பொறி நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பொறியியல் கல்லூரி என்னும்போது யாருக்கு அது வருகிறது? எனக்கிருக்கும் ஒரே தயக்கம், ‘பொறியாளர்’ பக்கத்திலேயே நிற்பது. வேகமாகப் படிக்கும்போது இரண்டும் குழம்பும்.

ஆகவே நான் முன்வைப்பது: பொறிமகள், பொறிமகன், பொறிமக்கள். மக்கள் என்றால் மனிதர், பெற்ற பிள்ளைகளும் மக்களே. தங்களைப் படைத்த மனிதகுலத்தின் பிள்ளைகள் தாங்கள் என்பதுதான் கதையில் சைலான்களின் வாதமும். ‘பொறி’ என்று மட்டும் நிறுத்தினால் அஃறிணை. சிப்பாய் வாய்க்கு அது போதும். உலோக உடம்போடு வரும் பழைய வகைக்கும் ‘பொறி’யே சரி.

நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே வந்து இறங்கினார்கள். ஆளுக்கு ஓர் எண். குடும்பத்து வேரைத் தேடுபவர்கள் இன்றும் அந்த எண்ணைத்தான் தேடுகிறோம். உழைப்புக்குத் தரும் ‘கூலி’ இந்த மண்ணில் நம்மேல் எறியும் வசைச்சொல்லாயிற்று. தொடரில் சைலான்களுக்கும் ‘ஆறு’, ‘எட்டு’ என்று எண்தான் பெயர், ரொட்டி வாட்டும் ‘டோஸ்டர்’தான் வசை. வசையை மொழிபெயர்க்கும்போது வசையாகவே போடுவோம். ஆனால் சொல்லடைவின் தலைச்சொல் வசையாக இருக்கக் கூடாது.

அப்புறம், செத்த சைலானின் நினைவு புது உடம்புக்குப் போவதற்கு ‘உயிர்த்தெழுதல்’ என்று பட்டியலில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டும். உயிர்த்தெழுதலில் செத்த உடம்பே எழும். இங்கே அது செத்தபடி கிடக்க, எங்கோ தூரத்துக் கப்பலில் வேறு உடம்பு கண் திறக்கிறது. இதற்கு நம்மிடம் ‘கூடுவிட்டுக் கூடு பாய்தல்’ எப்போதோ இருக்கிறது. சுருக்கமாகக் ‘கூடுபாய்தல்’, அந்தக் கப்பல் ‘கூடுபாய் கலம்’. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் இந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு முன் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

பொறிமகளுக்கும் மனிதனுக்கும் பிறக்கும் ஹீரா என்ற குழந்தைக்குத் தனிச் சொல் வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. குழந்தை என்றே எழுதுவோம்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து