விண்ட்ஜாமர் கம்பெனிக்கு என்னதான் ஆச்சு?

தெற்குக்காற்று:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஆபீஸில் ஓய்வு பெறப்போகும் ஓர் அமெரிக்கப் பெரியவர் இருக்கிறார். எண்பதுகளில் கரீபியன் தீவான கிரெனடா பக்கம் பாய்மரக் கப்பலில் போன கதையை ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். செருப்பே போட வேண்டாம், தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரம் இலவசம், வேண்டுமானால் நாமே பாய்க் கயிற்றை இழுக்கலாம் என்று ஒரே புகழ்ச்சி. கம்பெனி பெயர் விண்ட்ஜாமர் பேர்ஃபுட் குரூசஸ். "இப்போது இருக்கிறதா?" என்று கேட்டால் மட்டும் "போய்விட்டது" என்று பேச்சை மாற்றிவிடுகிறார். நெட்டில் தேடினால் புயல், வழக்கு, சம்பளப் பாக்கி என்று துண்டு துண்டாக வருகிறது. முழுக்கதை தெரிந்தவர்கள் கொஞ்சம் எழுதுங்களேன். அந்தக் கப்பல்கள் எல்லாம் என்ன ஆயின என்றும் தெரிய வேண்டும்.

பாய்மரப்பித்து:
எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பித்தவர் மைக் பர்க். அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கியில் இருந்தவர். போர் முடிந்து வெளியே வந்தபின் ஒருநாள் தலைவலியோடு கண்விழித்தபோது கையில் இருந்த பணம் போய் 19 அடிப் படகு ஒன்று சொந்தமாகியிருந்ததாம், அதற்கு 'ஹேங்ஓவர்' (குடித்த மறுநாள் வரும் தலைவலி) என்றே பெயர் வைத்தாராம். இது அவரே சொல்லிவந்த கதை, எத்தனை சதவீதம் உண்மை என்று அவருக்குத்தான் வெளிச்சம். கம்பெனி தன் பிறந்த ஆண்டாகச் சொன்னது 1947. மயாமியில் ஆபீஸ், முதலில் பஹாமாஸ், அப்புறம் கிழக்குக் கரீபியன் முழுக்க.

அவருடைய தொழில் ரகசியம் ஒன்றுதான்: புதுக் கப்பல் கட்டமாட்டார். யாருக்கும் வேண்டாத பழைய கப்பலை வாங்கி, அறைகளைப் போட்டு, பாயைக் கட்டி ஓட்டுவார். அதனால் அவருடைய ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு முன்ஜென்மம் உண்டு. 'மண்டலே' 1923இல் கோடீஸ்வரர் ஹட்டனுக்காகக் கட்டிய சொகுசுப் படகு. பிறகு 'வேமா' என்ற பெயரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கப்பலாக 1953 முதல் 1981 வரை உலகக் கடல்களைச் சுற்றியது. நிலவியலாளர்கள் மேரி தார்ப்பும் புரூஸ் ஹீசனும் வரைந்த கடலடி வரைபடங்களுக்கு அந்தக் கப்பல் எடுத்துவந்த ஆழ அளவுகளும் உதவின. கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஒத்துக்கொண்டதில் அதற்கும் பங்கு உண்டு. அதே மேல்தளத்தில்தான் பின்னால் ஆட்கள் ரம் குடித்துக்கொண்டு வெயில் காய்ந்தார்கள்!

'பாலினீசியா' போர்ச்சுகல்காரர்களின் காட் மீன்பிடிக் கப்பல், பழைய பெயர் 'ஆர்கஸ்'. கிரீன்லாந்து வரை போய், ஒரு படகுக்கு ஓர் ஆளாக இறக்கிவிட்டுத் தூண்டில் போடவைப்பார்கள். சரக்கு கொண்டுபோன 'அமேசிங் கிரேஸ்' 1955இல் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கங்களுக்குச் சாமான் ஏற்றிப்போகக் கட்டியது. 'ஃபான்டோம்' கதை இன்னும் பெரியது, பீர் தயாரித்த கின்னஸ் குடும்பத்தில் ஒருவரிடம் இருந்தது, போர்க்காலம் முழுக்க சியாட்டிலில் சும்மா கிடந்து, கிரேக்கக் கப்பல் முதலாளி ஒனாசிஸ் கைக்குப் போனது. மொனாக்கோ இளவரசரை மணந்த நடிகை கிரேஸ் கெல்லியின் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்க வாங்கினார், கல்யாண அழைப்பு வரவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்பார்கள். பர்க் ஒரு சரக்குக் கப்பலைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டார்.

இரண்டாம்_இன்ஜினியர்:
பித்து அண்ணன் ஃபான்டோமின் முன்ஜென்மத்தோடு நிறுத்திவிட்டார். நான் மர்ச்சன்ட் நேவி, அதன் முடிவை நான் சொல்கிறேன்.

1998 அக்டோபர். 282 அடிக் கப்பல், ஹோண்டுராஸிலிருந்து புறப்படும் பயணம். மிட்ச் புயல் வலுக்கிறது. கேப்டன் கையன் மார்ச், வயது 32, இங்கிலாந்தின் கார்ன்வால்காரர். பயணிகளையும் மாலுமிகளில் சிலரையும் பெலீஸ் சிட்டியில் இறக்கிவிட்டார், அது சரியான முடிவு. 31 பேரோடு கப்பலைக் காப்பாற்ற மறுபடி கடலுக்குப் போனார். இடத்தை மேப்பில் பாருங்கள், ஹோண்டுராஸ் வளைகுடா ஒரு மூலை: மேற்கே பவளப்பாறை, தெற்கே கரை, வடக்கே மெக்சிகோவின் யூகடான் தீபகற்பம். புயல் வடமேற்காக ஏறும் என்ற கணிப்பை நம்பி, தெற்கே வந்து ரோவாட்டான் தீவின் மறைவில் ஒதுங்கப் பார்த்தார்கள். புயல் ஏறவில்லை, தெற்கே திரும்பி அவர்கள் பக்கமே வந்தது. மணிக்கு 290 கிலோமீட்டர் வரை போன காற்று அது. அந்தக் கப்பலின் இன்ஜினுக்கு அதைவிட்டு ஓடும் வேகம் கிடையாது. 27ஆம் தேதி மாலை மயாமி ஆபீஸோடு பேச்சு அறுந்தது. சில நாள் கழித்து குவனாஹா தீவுப் பக்கம் உயிர்காப்பு உடைகளும் படகும் மிதந்தன. 31 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பெரும்பாலோர் கரீபியன் தீவுகளையும் கயானா, ஹோண்டுராஸையும் சேர்ந்தவர்கள்.

கேப்டனைக் குறை சொல்லும் ஆட்கள் நிறைய, எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மூலையில் எந்தத் திசையில் போயிருந்தாலும் கணிப்பு தப்பினால் இதே கதிதான்.

செல்வி_டொராண்டோ:
கேப்டனை விடுங்கள். அக்டோபரில் மேற்குக் கரீபியனில், புயல் பருவத்தின் நடுவில், எழுபது வயதுக் கப்பலுக்கு ஏன் டிக்கெட் விற்றார்கள் என்று ஏன் யாரும் கேட்பதில்லை? கொடி, அதாவது கப்பல் பதிவான நாடு, ஈக்குவடோரியல் கினியா. அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றாததால் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பயணிக் கப்பல் சோதனையும் கிடையாது. பயணம் மலிவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ரசித்துப் பேசுகிறவர்கள் பழைய கப்பல், செருப்பில்லாத மாலுமி என்கிறார்கள், அதே விஷயத்தை இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் ஃப்ளோரிடாவில் வழக்குப் போட வேண்டியிருந்தது.

இரண்டாம்_இன்ஜினியர்:
கொடி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் இன்றும் உலகின் பாதிக்கு மேல் கப்பல்கள் சொந்த நாட்டுக் கொடியில் ஓடுவதில்லை, நான் வேலை பார்ப்பதும் அப்படி ஒன்றில்தான். சர்வே ஒழுங்காக நடந்தால் கொடி எதுவானாலும் கப்பல் நன்றாகவே இருக்கும்.

தெற்குக்காற்று:
அடேயப்பா, இவ்வளவு இருக்கிறதா. பெரியவர் பேச்சை மாற்றுவது ஏன் என்று இப்போது புரிகிறது. சரி, 1998க்கு அப்புறமும் கம்பெனி ஓடியதா?

பாய்மரப்பித்து:
ஓடியது, இன்னும் பத்து வருஷம் அளவுக்கு. 'லெகஸி' என்று ஒன்றுகூட இருந்தது, பிரான்ஸின் வானிலைக் கப்பலாக 1959இல் கட்டியது. ஆனால் பர்க்குக்கு வயதாகிவிட்டது, நிர்வாகம் பிள்ளைகள் கையில், அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை, பராமரிப்புக்குக் காசில்லை. 2007இல் பணம் கட்டிய பயணிகள் துறைமுகத்துக்கு வந்து பார்த்தால் பயணம் ரத்து என்ற நிலை. மாலுமிகளுக்குச் சம்பளம் வரவில்லை. லெகஸி கோஸ்டாரிகாவில் மாட்டியது, மண்டலே பனாமாவில், பாலினீசியா அரூபாவில். அதோடு முடிந்தது. தங்களை 'ஜாமர்' என்று சொல்லிக்கொள்ளும் பழைய பயணிகளே பணம் திரட்டிச் சில மாலுமிகளுக்கு உதவினார்கள். அவர்களில் சிலர் 2009இல் ஐலண்ட் விண்ட்ஜாமர்ஸ் என்று சின்னதாக ஒரு கம்பெனியும் தொடங்கினார்கள்.

கப்பல்களில் அதிர்ஷ்டசாலி பாலினீசியாதான். போர்ச்சுகலின் மீன் கம்பெனி ஒன்று வாங்கி 2009இல் ஊருக்கே இழுத்துப்போனது, 'ஆர்கஸ்' என்ற பழைய பெயரும் திரும்பக் கிடைத்துவிட்டது. பெரியவர் போனது எந்தக் கப்பல் என்று கேட்டுச் சொல்லுங்கள், கிரெனடா என்றால் மண்டலேயாகவோ 'யாங்கி கிளிப்பர்' ஆகவோ இருக்கலாம்.