பழைய பேய்ப்படங்களை போனில பார்க்க: எந்தப் பிரதியை இறக்கிறது?

மல்லாவி வாசகி
வணக்கம். காப்புரிமை முடிஞ்ச பழைய பேய்ப்படங்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் எண்ட இலவச இணைய நூலகத்தில இருந்து இறக்கி போனில பார்க்கிறன். இங்க பகலில சிக்னல் ஒரு கோடுதான், ஒன்லைனில பார்க்க ஏலாது. இரவு டேட்டாவிலதான் இறக்கலாம். அண்ட்ரொயிட் போன், 32 ஜிபி மெமரி கார்ட். மூண்டு பிரச்சினை இருக்கு. நோஸ்ஃபெராட்டுவில எல்லாரும் ஓடுற மாதிரி நடக்கினம். நைட் ஆஃப் த லிவிங் டெட் கரி பூசின மாதிரி இருட்டாக் கிடக்கு. இன்னொரு படத்தில சத்தம் ஒரு காதில மட்டும் வருது. போனில பிழையா, படத்தில பிழையா?

இரணைமடு
பெரும்பாலும் பிரதியிலதான் பிழை. ஒரே படத்துக்குப் பத்துப் பேர் பத்துப் பிரதி ஏத்தி வச்சிருப்பினம். அதில நல்லதைத் தெரிஞ்செடுக்கிறதுதான் முக்கியம், பிளேயர் எதெண்டாலும் பரவாயில்லை.

நோஸ்ஃபெராட்டு 1922இல வந்த மௌனப்படம். அந்தக் காலத்தில செக்கனுக்கு 16 இல்லாட்டி 18 பிரேம் கணக்கில ஓட்டினவை. அதை அப்படியே 24இல ஓட்டிப் பதிஞ்சால் ஆக்கள் பறப்பினம். எடுத்த உடனை நேரத்தைப் பாருங்கோ: 63 நிமிசத்துப் பிரதியும் இருக்கு, 94 நிமிசத்துப் பிரதியும் இருக்கு. வெட்டுப்பட்டதாலயும் நேரம் குறையும், அதால நடையையும் பாருங்கோ. வேகமான பிரதிதான் கையில கிடக்கெண்டால், விஎல்சி எண்ட பிளேயரில வேகத்தை 0.75 ஆக்குங்கோ. 18ஐ 24ஆல் பிரிச்சால் வாறது அதுதான். இசையும் சேர்ந்து இழுபடும், அதுக்குச் சத்தத்தை நிப்பாட்டிப் பார்க்கலாம்.

நிறத்தையும் கவனியுங்கோ. அந்தப் படத்தின்ர இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில எடுத்துப்போட்டு, பிலிமுக்கு நீலச்சாயம் ஏத்தினவை. வீட்டுக்குள்ள விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள். வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதியில, சூரிய ஒளி பட்டால் அழியிற இரத்தக்காட்டேரி ஓர்லொக் பட்டப்பகலில சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரியிறான். கதையே குழம்பிப் போகும். சாயம் உள்ள பிரதியைத் தேடி எடுங்கோ. ஒண்டு மட்டும்: படம் பொதுவுடைமை (காப்புரிமை இல்லாதது) எண்டாலும், பிறகு சேர்த்த புது இசைக்கு உரிமை இருக்கலாம்.

நைட் ஆஃப் த லிவிங் டெட் 1968. விநியோகம் செய்தவை படத்தின்ர பேரை மாத்தேக்க காப்புரிமை அறிவிப்பு வசனம் விடுபட்டுப் போச்சு, அதால அமெரிக்காவில அது பொதுவுடைமையாப் போச்சு. ஆர் வேணுமெண்டாலும் பிரதி போடலாம் எண்ட நிலை வந்தபடியால், பிரதியில இருந்து பிரதி எடுத்து நிழல் எல்லாம் கறுத்த படம்தான் கூடத் திரியுது. இறக்கிறதுக்கு முன்னம் படத்தின்ர முதல் பத்து நிமிசத்தை, மயானக் காட்சியை, பாருங்கோ. புல்லும் கல்லறையும் தனித்தனியாத் தெரிஞ்சால் எடுக்கலாம்.

ஏ9 பயணி
இறக்கிற விசயம் நான் சொல்லுறன். ஆர்க்கைவ் முகவரியில "டீடெய்ல்ஸ்" எண்ட சொல்லை அழிச்சு "டவுன்லோட்" எண்டு போட்டால், அந்தப் படத்தின்ர எல்லாக் கோப்பும் அளவோட வரிசையா வரும். எம்பெக்2 எண்ட வகை வீடியோக் கோப்பைத் தொடாதேங்கோ. அது பெருசு, 32 ஜிபி கார்ட் வழமையா ஃபாட்32 முறையில இருக்கும், அதில 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பு ஏறாது. கடைசியில "இடமில்லை" எண்டு சொல்லும், கார்ட்டோ வெறுமையாக் கிடக்கும். எம்பி4 எடுங்கோ.

கணக்கு இதுதான்: செக்கனுக்கு ஒரு மெகாபிட் வேகத்தில பதிஞ்ச படம் ஒரு நிமிசத்துக்கு 7.5 எம்பி. 96 நிமிசப் படம் 720 எம்பி. கைபோனுக்கு அது காணும். அதில பாதி அளவுக்குப் போனால் இருட்டுக் காட்சி சதுரம் சதுரமா உடையும், பேய்ப்படத்தில முக்கால்வாசியும் இருட்டுத்தானே.

பிரவுசரில நேர இறக்காதேங்கோ. சிக்னல் விழுந்தால் திரும்ப முதலில இருந்து தொடங்கக்கூடும், டேட்டா வீண். விட்ட இடத்தில இருந்து தொடருற டவுன்லோட் மனேஜர் ஒண்டைப் போடுங்கோ. முடிஞ்சதும் கோப்பின்ர அளவை ஆர்க்கைவில உள்ள அளவோட ஒத்துப் பாருங்கோ. எம்பி4 குறைஞ்சு வந்தால் பிளேயரில திறக்காமலே விடக்கூடும்.

சார்ஜில போட்டுக்கொண்டு பார்க்கிறதையும் விடுங்கோ. வைகாசி வெக்கைக்கு போன் கொதிச்சு, தானாத் திரையை மங்கலாக்கும். நீங்கள் படம் இருட்டெண்டு நினைப்பியள்.

இரணைமடு
ஓம், அதோட தானா வெளிச்சம் மாத்திற அமைப்பையும் கண்பாதுகாப்பு மஞ்சளையும் நிப்பாட்டுங்கோ. ஒரு காதுச் சத்தத்துக்கு: செட்டிங்ஸில அக்செசிபிலிட்டிக்குள்ள "மோனோ ஓடியோ" இருக்கு, அதைப் போட்டால் ரெண்டு காதிலயும் வரும். இந்தப் படங்கள் அனேகமா மோனோதான், ஒண்டும் இழக்க மாட்டியள். திரை முழுக்க நிரப்பவும் வேண்டாம். மௌனப்படம் 4:3 சட்டம், நிரப்பினால் மேலயும் கீழயும் தலையும் எழுத்தும் வெட்டுப்படும். பக்கத்தில கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும்.

மல்லாவி வாசகி
நன்றி அண்ணை. அம்மாவும் சேர்ந்து பார்க்க விரும்புறா, இடையில வாற இங்கிலிஸ் எழுத்து அவவுக்கு விளங்காது. தமிழில போட வழி இருக்கோ?

ஏ9 பயணி
மௌனப்படத்துக்கு அது லேசு தங்கச்சி. எழுத்துப் பலகை வாற நேரங்களை மட்டும் குறிச்சால் காணும். ஒரு டெக்ஸ்ட் கோப்பில முதல் வரியில 1 எண்ட இலக்கம், அடுத்த வரியில நேரம், அதுக்குக் கீழ தமிழ் வசனம், பிறகு ஒரு வெறும் வரி. நேரம் இப்படி:

00:04:12,500 --> 00:04:18,000

செக்கனுக்குப் பிறகு புள்ளி இல்லை, காற்புள்ளி. யூடிஎஃப்-8 எண்ட எழுத்து முறையில சேமியுங்கோ, இல்லாட்டி தமிழ் எல்லாம் கேள்விக்குறியா வரும். படத்தின்ர பேரையே வச்சு, கடைசியில .எஸ்ஆர்டி (இங்கிலிஸ் எழுத்தில) போட்டு, படம் கிடக்கிற அதே போல்டரில விட்டால் விஎல்சி தானா எடுக்கும். முந்திப் பிந்தினால் வசனத் தாமதத்தை விஎல்சியிலயே திருத்தலாம். முதலில எந்தப் பிரதி எண்டு முடிவெடுத்த பிறகு நேரம் குறியுங்கோ. வேற பிரதிக்கு அந்த நேரங்கள் பொருந்தாது.