ராத்திரி 16, காலையில் 21

சின்னவன்: இந்த மாதக் கரண்ட் பில் போன மாதத்தைப் போல இரண்டு மடங்கு. வீட்டு ஹீட்டிங்கை நேரத்துக்குத் தகுந்தபடி தானே கூட்டிக் குறைக்கிற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டினால் குறையும் என்றுதானே எல்லோரும் சொன்னீர்கள்? நானும் ஒரு மாதமாக ராத்திரி 16 டிகிரி, காலை 6 மணிக்கு 21 என்று போட்டுவைத்திருக்கிறேன். போர்வைக்குள் நடுங்கியதுதான் மிச்சம்.

அக்கா: அந்த 16தான் வில்லன்.

சின்னவன்: குறைத்து வைத்தால் பில் ஏறுமா? இது என்ன கணக்கு?

அக்கா: உன் பழைய வீட்டில் கேஸ் ஃபர்னஸ், கேஸை எரித்துச் சூடாக்கும். அதற்கு அந்தக் கணக்கு சரி. இது ஹீட் பம்ப். காலையில் 5 டிகிரியை ஒரே மூச்சில் ஏற்றச் சொன்னால் கம்ப்ரெசர் தனியாகத் திணறும். உடனே தெர்மோஸ்டாட் ஆக்ஸ் ஹீட்டைக் கூப்பிட்டுவிடும். ராத்திரி மிச்சம் பிடித்ததையெல்லாம் அது தின்றுவிடும். ஆப்பில் ஹிஸ்டரி பார்.

சின்னவன்: பார்த்தேன். தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் ஆரஞ்சுக் கலரில் ஒரு பட்டை. இத்தனை நாளும் அதை ஏதோ டிசைன் என்று நினைத்தேன்.

சித்தப்பா: குளிரும் கூடியிருக்கிறதப்பா, எல்லாப் பழியையும் தெர்மோஸ்டாட் மேல் போடாதே. ஆனால் ஒன்றரை மணி நேரம் ரொம்ப அதிகம்.

அம்மா: ஆக்ஸ் என்றால் என்ன? எனக்கும் புரிகிற மாதிரி பேசுங்கள்.

சித்தப்பா: அண்ணி, ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கிற வெப்பத்தை இறைத்து உள்ளே கொட்டுகிறது. வெளியே 7, 8 டிகிரி இருந்தால் 1 யூனிட் கரண்டுக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். குளிர் கூடக்கூடக் கிணறு ஆழமாகிற மாதிரி, இறைக்கிற பாடும் கூடும். கடுங்குளிரில் 3 என்பது 2 ஆகிவிடும். ஆக்ஸ் வெறும் ஹீட்டர் கம்பி. 1 கொடுத்தால் 1தான்.

அம்மா: அப்போ இஸ்திரிப் பெட்டியை வைத்து வீட்டைச் சூடாக்குகிறான்.

அக்கா: அதேதான் அம்மா!

சின்னவன்: சிரித்தது போதும். எவ்வளவு வைக்க?

அக்கா: பகலில் 20, ராத்திரி 19. மிஞ்சிப்போனால் 18.5. கடுங்குளிர் அடிக்கிற நாளில் ராத்திரி குறைக்கவே வேண்டாம். ஆப்பில் முன்கூட்டியே சூடாக்கத் தொடங்கும் வசதி இருந்தால் ஆன் செய். 6 மணிக்குச் சூடு வேண்டுமென்றால் 5 மணிக்கே மெதுவாகக் கம்ப்ரெசரை ஓட விடும். அப்புறம், குளிர்கிறதே என்று நடுவில் 25க்கு ஏற்றாதே. ஆக்ஸ்தான் வந்து நிற்கும்.

சின்னவன்: அதையும் செய்தேன். வென்டில் கை வைத்தால் காற்று வெதுவெதுப்பாகத்தான் வந்தது. ரிப்பேர் என்று நினைத்தேன்.

சித்தப்பா: ரிப்பேர் இல்லை. ஃபர்னஸ் மாதிரி சுடச்சுட ஊதாது. 35 டிகிரிக் காற்று நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவு, அதனால் கைக்குச் சூடாகத் தெரியாது. நிதானமாக நீண்ட நேரம் ஓடுவதுதான் அதன் குணம். தெர்மோஸ்டாட்டின் இன்ஸ்டாலர் மெனுவில் ஆக்ஸ் லாக்அவுட் இருக்கிறதா பார். வெளியே இத்தனை டிகிரிக்கு மேல் இருந்தால் ஆக்ஸ் வரவே கூடாது என்று கட்டிப்போடலாம். நான் 2 வைத்திருக்கிறேன். உன் மெஷினின் தெம்பைப் பொறுத்து மாற்றிக்கொள்.

சின்னவன்: கம்ப்ரெசர் லாக்அவுட் என்றும் ஒன்று இருக்கிறதே?

சித்தப்பா: ஐயோ, அது நேர் எதிர்! குளிர் அந்த அளவுக்குக் கீழே போனால் கம்ப்ரெசரையே நிறுத்திவிடும். கம்பெனி கையேட்டில் சொன்னதைத் தவிர வேறு எதையும் போடாதே.

சின்னவன்: எமர்ஜென்சி ஹீட்?

அக்கா: தொடாதே. கம்ப்ரெசரை விட்டுவிட்டு ஹீட்டர் கம்பியை மட்டும் ஓட்டும். கம்ப்ரெசர் கெட்டுப்போனால் மட்டும்தான் அது.

(நான்கு நாள் கழித்து)

சின்னவன்: வெளியே இருக்கிற யூனிட்டிலிருந்து புகை வருகிறது! ஆஃப் செய்யட்டுமா?

சித்தப்பா: வேண்டாம், அது ஆவி. காயிலில் படிந்த ஐஸை உருக்குகிறது. சில நிமிடத்தில் நின்றுவிடும்.

சின்னவன்: நின்றுவிட்டது. மூன்று நாளாக ஆரஞ்சுப் பட்டையும் இல்லை.

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும். ராத்திரி நடுங்குகிறாயா?

சின்னவன்: இல்லைம்மா. நேற்று ஒரு போர்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.