காவியா, திசையனா? (வெள்ளிக்குள் சொல் வேண்டும்)

வெள்ளவத்தை, செவ்வாய் இரவு:
அன்பர்களே, சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு லொட்டி என்ற இணைய அசைவுபட முறையைக் காட்டப்போகிறேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் செய்த அசைவை, அதில் சேர்க்கும் பொடிமூவின் என்ற செருகி ஜேசன் (எழுத்து வடிவத் தரவு) கோப்பாக்கித் தரும். லொட்டி-வெப் என்ற நிரல் அதை வாசித்து, உலாவியில் படம் வரையும் வழிகளான எஸ்விஜியாகவோ கன்வஸிலோ வரைந்து ஓட்டும். செய்முறைத் தாளின் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘வெக்டர் அனிமேஷன்’, அதை ஓட்டுகிற லொட்டி-வெப் போன்ற ‘லைப்ரரி’ (ஆயத்த நிரல்தொகுதி), இரண்டுக்கும் சொல் தாருங்கள். வெள்ளி மாலை போட்டோகொப்பிக் கடைக்குப் போக வேண்டும்.

கொட்டாஞ்சேனை:
இதில் என்ன யோசனை, தங்கச்சி? நம் இலங்கைக் கணிதப் பாடத்தில் அளவோடு திசையும் உள்ள வெக்டர் ‘காவி’, அளவு மட்டும் உள்ள ஸ்கேலர் ‘எண்ணி’. லத்தீனிலும் வெக்டர் என்றால் சுமப்பவன்தான். காவு (சும) + இ, மண்வெட்டி போல. நெடுமான் அஞ்சியின் வாசலில் கோபித்துக்கொண்டு கிளம்பும் ஔவையும் ‘காவினெம் கலனே’ என்கிறாள் (புறம் 206). காவடியும் இந்தக் குடும்பம்தான், அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

தெஹிவளை:
வேண்டாம் சேர். காவி என்றதும் சாமியார் வேட்டிதான் கண்ணில் நிற்கிறது. இணையத்தில் தேடும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுத் ‘திசையன்’தான் அகப்படும்.

கொட்டாஞ்சேனை:
படத்தில் திசை எங்கே? ஒரு வட்டம் என்றால் கோப்பில் இருப்பது அதன் மையம், ஆரை, நிறம். அதனால்தான் எவ்வளவு பெருப்பித்தாலும் கட்டம் கட்டமாக உடைவதில்லை.

தெஹிவளை:
சரி, அப்படியென்றால் காவி மட்டும் எதைக் காவுகிறது?

பம்பலப்பிட்டி:
நான் இந்த வேலையில்தான் சாப்பிடுகிறேன். அலுவலகத்தில் ‘லொட்டியைப் போடு’ என்போம், அவ்வளவுதான். ‘கோட்டுரு’ என்று வையுங்கள் அக்கா, பார்த்ததும் விளங்கும். லைப்ரரிக்கு ‘நிரலகம்’ ஏற்கெனவே புழங்குகிறது. சொல்லைவிட முக்கியமான ஒன்று: பக்கத்தை இரட்டைச் சொடுக்கில் திறந்து, ஜேசனுக்குப் பாதை மட்டும் கொடுத்திருந்தால் வெறும் வெள்ளைப் பெட்டிதான் வரும். உள்ளூர்க் கோப்பை அப்படி எடுக்க உலாவி விடாது. வகுப்பு மடிக்கணினியில் சின்னச் சேவையகம் (சேர்வர்) ஒன்றை ஓடவிடுங்கள். போன வருடம் முப்பது பேர் முன்னால் நான் முழித்த முழி எனக்குத்தான் தெரியும்.

கொட்டாஞ்சேனை:
லொட்டியையே தமிழாக்கலாமே. லொட்டே ரைனிகர் என்ற ஜெர்மன் பெண்ணின் பெயர் அது. கறுப்புத் தாளை வெட்டி வெட்டி 1926இல் முழுநீளப் படமே எடுத்தவர். நம்மிடம் தோற்பாவை இருக்கிறது. ‘பாவையோட்டி’ எப்படி?

பம்பலப்பிட்டி:
ஆள் பெயரையுமா சேர்? அதற்கு ‘லொட்டியோட்டி’ மேல். த்ரீவீல் ஓட்டுகிறவர் போல இருக்கும்.

வெள்ளவத்தை, வெள்ளி மதியம்:
‘காவி அசைவூட்டம்’, ‘நிரலகம்’ என்று போட்டுவிட்டேன். பரீட்சைத் தாளில் காவிதானே வரும். அடைப்புக்குறிக்குள் திசையனும் உண்டு. கோட்டுரு நல்ல சொல், ஆனால் கோடே இல்லாத நிறத்திட்டுக்கும் அதைச் சொல்ல மனம் வரவில்லை. சேவையகத்துக்கு நன்றி தம்பி, அதைத் தாளின் தலையிலேயே எழுதினேன்.

தெஹிவளை:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அப்புறம் சேர், மண்வெட்டியில் வருவது கருவிப்பொருள் விகுதி. நீங்கள் காட்டியிருக்க வேண்டியது, செய்பவரைக் குறிக்கும் விறகுவெட்டி.